தொப்பி வைத்துவிட்டுப் போனவர்கள்

1

இது கதையாகப் பிறக்கவில்லை, புகாராகப் பிறந்தது. ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் நாளாக ஆக மெதுவாகிக்கொண்டே போகிறது என்று அமெரிக்காவிலிருக்கும் ஒரு கம்பெனிக்கு ஆங்கிலத்தில் எழுதிய புகார். எழுதியவன் நான், குறை பத்மாவதி அக்காவுடையது. அதற்குள் ஒரு கதை இருக்கிறதே என்று எனக்குத்தான் கை அரித்தது. அக்காவிடம் சொன்னபோது, "எழுது. ஆனா என்னை அழ வெச்சு எழுதாத" என்றார். நீங்களும் இந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்காவது அக்கா அழுதால் அது என் கைவரிசை, நடந்ததல்ல.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பினாங்குக் கடலின் மேல் காலை வெயில் பொன்னாக உருகி

போதும். இந்தக் கதை கிரீன் லேனில் ஓர் அடுக்குமாடி வீட்டில், திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில் நடக்கிறது. வெயில் பட்டால் கம்ப்யூட்டர் திரை தெரியாது என்று அக்கா வெயிலை உள்ளேயே விடுவதில்லை. இல்லாத வெயிலை நான் எதற்கு உருக்க வேண்டும்?

இரண்டாவது தொடக்கம்:

பத்மாவதி கதவைத் திறக்கச் சொன்னாள். கதவு திறக்கவில்லை. எழுந்து போய்க் கோப்பி கலக்கி எடுத்து வந்தாள். கதவு அப்போதுதான் பாதி திறந்திருந்தது.

இது பரவாயில்லை, நடந்ததும் இதுதான். ஆனால் 'பத்மாவதி', 'சொன்னாள்' என்று எழுதக் கை கூசுகிறது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். பிறை என்ற ஊரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை மேற்பார்வையாளர். மனிதர்களிலும் மின்பலகைகளிலும் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குபவர். அவரை 'அவள்' என்று எழுதினால் அச்சில் வந்த பிறகு நான் அந்தப் பக்கம் போக முடியாது. எனவே அக்கா என்றே எழுதுகிறேன். இலக்கியம் வேண்டுமானால் கோபித்துக்கொள்ளட்டும்.

2

அந்தக் கதவு எது என்று சொல்ல வேண்டும்.

வருடம் 1998. வீட்டுத் தொலைபேசிக் கம்பியைக் கம்ப்யூட்டரில் செருகினால் அது கொஞ்சநேரம் கீச்சிட்டுவிட்டு இணையத்துக்குள் போகும். அப்படிப் போகிறவர்களுக்காக ஒரு கம்பெனி ஒரு ஊரையே கட்டிவைத்திருந்தது. அதற்கு மூன்ஹார்பர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். (உண்மைப் பெயரை எழுத மாட்டேன். நான் வேலை பார்ப்பது பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு வக்கீல் அலுவலகத்தில், மொழிபெயர்ப்பாளனாக. வழக்கு என்றால் என்னவென்று தெரியும்.) புரோகிராமை ஓட்டினால் திரையில் தெரு வரும், வீடுகள் வரும், நீங்கள் ஒரு பொம்மையாக நடந்து போகலாம். எதிரே வரும் பொம்மைகள் வேறு வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். நீங்கள் தட்டுவது உங்கள் பொம்மையின் தலைக்கு மேலே எழுத்தாக வரும்.

அந்த ஊரில் நம் ஆட்களுக்கும் ஓர் அறை இருந்தது. திறந்தவர் அக்காவின் ஒரே அண்ணன் விநாசித்தம்பி. பெர்த் நகரில் பொறியாளர். பெர்த்துக்கும் பினாங்குக்கும் கடிகாரம் ஒன்றுதான் என்பதால் ஞாயிறு காலை வசதி. ஈப்போவிலிருந்து காமாட்சி வருவார், சிரம்பானிலிருந்து கந்தப்பு மாமா, இன்னும் லண்டன், சிங்கப்பூர் என்று சிதறிப்போன பினாங்குக்காரர்கள். பாலிக் புலாவ் டுரியான் பழம் இந்த வருடம் எப்படி, யார் மகளுக்கு எங்கே பேச்சு நடக்கிறது, இதெல்லாம்தான் பேச்சு. அண்ணன் உள்ளே இருக்கும்வரை அவர் வீட்டு போன் எங்கேஜ்டாகவே இருக்கும் என்று அண்ணி எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொள்வார். எல்லார் வீட்டிலும் ஒரே லைன்தான்.

அறையை விட்டுக் கிளம்ப இரண்டு பொத்தான்கள். ஒன்று 'குட்பை'. அதை அமுக்கினால் பொம்மை மறைந்துவிடும். இன்னொன்றில் ஒரு தொப்பியின் படம், கீழே 'விரைவில் திரும்புவேன்'. அதை அமுக்கினால் பொம்மை இருந்த இடத்தில் ஒரு தொப்பி நிற்கும். மறுநாளுக்குள் அந்தத் தொப்பியும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், தரை அடைத்துப்போகக் கூடாதென்று.

அவ்வளவுதான் மூன்ஹார்பர். இதில் மெதுவானது கதவு மட்டுமல்ல. நடை, பேச்சு, கை தூக்குவது, எல்லாம்.

3

அக்கா ஏற்கனவே கம்பெனிக்குப் பல தடவை எழுதிப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வந்தது. உங்கள் கணினி பழையதாக இருக்கலாம், உங்கள் நாட்டுத் தொலைபேசி இணைப்பு மெதுவாக இருக்கலாம், ஒருமுறை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். 'உங்கள் நாட்டு' என்ற சொல்தான் அக்காவுக்கு ஏறவில்லை. அந்தக் கம்பெனியின் கணினிகளுக்குள் இருக்கும் பலகைகளில் பாதி பிறையில் தன் மேசையைத் தாண்டித்தான் போகிறது என்றார்.

என்னிடம் வந்தது அதற்குப் பிறகுதான். பக்கத்து வீட்டில் குடியிருந்த காலத்திலிருந்து பழக்கம்.

"நீ கத எழுதுறவன்தானே? நம்புற மாதிரி எழுதிக் குடுலா."

பாராட்டா, நக்கலா என்று இன்றுவரை தெரியவில்லை. உட்கார்ந்து எழுதப் பார்த்தேன். அப்போதுதான் சிரமம் புரிந்தது. ஒரு பொருள் உடைந்தது என்று எழுதுவது சுலபம். நேற்று இருந்தது, இன்று இல்லை. மெதுவாக மெதுவானது என்பதை எப்படி எழுதுவது? அது நடந்த ஒரு நிமிடம் என்று எதுவும் கிடையாது. யாரையும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. போன மாதம் எப்படி இருந்தது என்று கேட்டால், இப்படித்தான் இருந்தது என்றுதான் தோன்றும். தினமும் பார்க்கும் முகத்தில் நரை விழுவதை யார் தேதி போட்டுச் சொல்கிறார்கள்? சிறுகதைக்காரர்களுக்கும் இது வராது. நாங்கள் எல்லோரும் ஒரு கடிதம், ஒரு மரணம், ஒரு ரயில் என்று திடீரென்று நடப்பதைப் பிடித்துக்கொண்டு பிழைப்பவர்கள்.

அக்காதான் வழி சொன்னார். போன வருடம் கதவை அமுக்கினால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளத்தான் நேரம் இருந்தது. தைப்பூசத்துக்கு அப்புறம் அடுப்பங்கரைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர நேரம் இருந்தது. இப்போது கோப்பி கலக்கி, இரண்டு கோப்பைக்கு மாற்றி மாற்றி ஆற்றி எடுத்து வரலாம். நான் இதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல பத்தி அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பதில் வந்தது: உங்கள் கணினி பழையதாக இருக்கலாம்.

4

இந்த இடத்தில் ஜபருல்லா வருகிறார்.

சூலியா ஸ்ட்ரீட் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். மோட்டார் சைக்கிளில் வந்து, கம்ப்யூட்டரின் முதுகைத் திறந்து, நினைவகச் சில்லு ஒன்றைக் கூடுதலாகச் செருகினார். சில வாரம் கதவு பறந்தது. பிறகு மறுபடியும் தண்ணீர், மறுபடியும் கோப்பி. திரும்பக் கூப்பிட்டபோது வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், இன்னும் பெரிய சில்லு ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொண்டு போயிட்டு வர்றேன்கா என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை.*

* ஜபருல்லா கதைக்குத் தேவையா என்று எனக்கே சந்தேகம். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். வருகிறேன் என்று சொல்லிப் போன மனிதரை எப்படி அடிப்பது? இருக்கட்டும். ஏன் இருக்கட்டும் என்றேன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

5

இவ்வளவு பாடு ஒரு பொம்மை ஊருக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அக்கா முதலில், குறை என்றால் குறைதான், சும்மா விடக் கூடாது என்றார். உண்மைதான், ஆனால் முழு உண்மையல்ல. மிச்சத்தை அவர் எனக்குச் சொன்னது வேறொரு நாள், பாசாரில் காய்கறி வாங்கித் திரும்பும் வழியில்.

அவர்களுடைய அம்மா போன வருடம் இறந்துபோனார். கடைசிவரை அக்காவோடு கிரீன் லேன் வீட்டில்தான் இருந்தார். விநாசி அண்ணன் இறுதிச் சடங்குக்கு வர முடியவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்காவது வருவார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அதற்கும் வரவில்லை. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் வழக்கம்போல மூன்ஹார்பர் அறைக்கு வந்தார். அக்கா எல்லார் முன்னாலும் தட்டினார்: பெத்த தாய்க்கு வராதவர் இங்க மட்டும் எதுக்கு வர்றார்?

அண்ணன் பொம்மை கொஞ்சநேரம் அசையாமல் நின்றது. பிறகு அதன் தலைக்கு மேலே 'போயிட்டு வர்றேன்' என்று வந்தது. தொப்பி விழுந்தது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. போனும் இல்லை. அக்காவும் பண்ணவில்லை.

(இந்த இடத்தில் 'அவர் கண்கள் கலங்கின' என்று எழுதியிருந்தேன். நிபந்தனை நினைவு வந்தது. அக்கா கலங்கவில்லை, கையிலிருந்த கீரைக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார்.)

மூன்ஹார்பரில் ஒருவர் பெயரைத் தட்டித் தேடலாம். ஊரில் இல்லாதவர் என்றால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று பதில் வரும். அக்கா ஒவ்வொரு ஞாயிறும் உள்ளே போனதும் முதல் வேலையாக அண்ணன் பெயரைத் தட்டுவார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே பதில்: விநாசி விரைவில் திரும்புவார்.

"கோவமா போனவரு அந்த இன்னொரு பட்டனை அமுக்கியிருக்கலாம்ல? அமுக்கல. வரணும்னு மனசுல இருக்கு, தம்பி. அதான் தொப்பிய வெச்சுட்டுப் போயிருக்காரு."

அக்காவின் கையில் அந்த ஒரு தொப்பிதான் இருந்தது. புரோகிராம் மெதுவாகி மெதுவாகி ஒருநாள் ஒரேயடியாக நின்றுவிட்டால், அந்தத் தொப்பி இருக்கிறதா என்று பார்க்கக்கூட வழியில்லை. அதற்காகத்தான் இத்தனை புகார்.

6

ரோஹானாவுக்கு அக்காவின் தொழிற்சாலையில் அதே பிரிவில் வேலை. அவரும் மூன்ஹார்பருக்குப் போகிறவர். தையல் தெரிந்த மலாய்ப் பெண்கள் கூடும் அறை ஒன்று இருந்தது. அவரைத் தன் வீட்டுக்கு வரவழைத்தது அக்காவின் தொழில் புத்தி. அதே கம்ப்யூட்டர், அதே லைன், ஆள் மட்டும் வேறு. ரோஹானா தன் பெயரில் உள்ளே போய்த் தையல் அறையின் கதவை அமுக்கினார். நாற்காலியை இழுக்கக்கூட நேரமில்லை, திறந்துவிட்டது. பொம்மைகள் ஓடியாடித் திரிந்தன.

ஆக, குறை கணினியிலும் இல்லை, நம் நாட்டு இணைப்பிலும் இல்லை. நம் அறையில் இருக்கிறது.

அதையும் பார்த்துவிடுகிறேன் என்று ரோஹானா நம் அறைக்கு வந்தார். அக்கா, ரோஹானா, நான் மூன்று பேரும் கோப்பி குடித்து முடித்தபோது கதவு திறந்தது. உள்ளே காமாட்சி மட்டும் இருந்தார். ஈப்போவில் அவருடைய கணினி இதைவிடப் பழசு. பாவம், ஒரு வார்த்தை தட்டினால் அது வந்து சேர்வதற்குள் அடுத்த கவலை வந்துவிடும். இருவரும் ஆங்கிலத்தில் நலம் விசாரித்துக்கொண்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிவர நேரமாகிவிட்டது என்று ரோஹானா எழுந்தார். குட்பை பொத்தானை அமுக்கிவிட்டு, கீழே நிறுத்தியிருந்த கெரெத்தாவின் சாவியைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அக்கா உட்கார்ந்து தன் பெயரில் உள்ளே போனார். காமாட்சி தட்டி வைத்திருந்தது ஒவ்வொரு எழுத்தாக ஊர்ந்து வந்தது. அந்தப் பெண்ணிடம் நாம் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டோமா? ஏன் இப்படிப் போய்விட்டார்? 'ரோஹானா போய்விட்டார்' என்று சிவப்பு எழுத்தில் வந்ததே. இத்தனை நாளில் இப்படி ஒரு வாசகத்தை நான் பார்த்ததே இல்லையே பத்மா.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ரோஹானாவிடம் அக்கா இதைச் சொன்னார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளம்பினேன், கிளம்பும் பொத்தானை அமுக்கினேன், வேறு எதற்கு அது இருக்கிறது என்று கேட்டார். நீங்கள் எல்லோரும் அதை அமுக்குவதில்லையா?

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

நம் வீடுகளில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. சொன்னால் வாயிலேயே ஒன்று விழும். கடைக்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், குடும்பத்தோடு கப்பல் ஏறி வேறு நாட்டுக்கே குடிபோனாலும் 'போயிட்டு வர்றேன்'தான். இரண்டு பொத்தான்களைக் காட்டி, ஒன்றில் போகிறேன், இன்னொன்றில் வருகிறேன் என்று எழுதிவைத்தால் நம் கை எதற்குப் போகும்? அந்த அறை திறந்த நாளிலிருந்து ஒரு தமிழன், ஒரு தமிழச்சி, ஒருவர்கூட குட்பையைத் தொட்டதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொருவரும் ஒரு தொப்பியை வைத்துவிட்டுத் தூங்கவும் சமைக்கவும் கோயிலுக்கும் போயிருக்கிறோம். அடுத்த ஞாயிறு புதிதாக நுழைந்து இன்னொரு தொப்பி. பழைய தொப்பி கண்ணுக்கு மறைந்ததே தவிர, புரோகிராம் அதை மறக்கவில்லை. வருகிறேன் என்று சொன்னாரே என்று ஒவ்வொரு தொப்பிக்கும் இடம் போட்டு வைத்துக்கொண்டு, வந்துவிட்டாரா, வந்துவிட்டாரா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அத்தனை பேருக்காகக் காத்திருந்தால் யார்தான் வேகமாக நடக்க முடியும்?

7

கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே உற்சாகம். ரோஹானாவை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பினேன். அக்கா விசைப்பலகையில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்.

கந்தப்பு மாமாவின் பெயர்.

சிரம்பான் கந்தப்பு மாமா போன தீபாவளிக்கு முன்பே காலமாகிவிட்டார். அந்த வார ஞாயிறு அறையில் எல்லோரும் அவரைப் பற்றித்தான் பேசினார்கள். திரை யோசித்தது, யோசித்தது, பிறகு பதில் வந்தது: கந்தப்பு விரைவில் திரும்புவார்.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணன் பெயரைத் தட்டினார். அதே வாசகம், அதே எழுத்து.

"அப்ப இது எல்லாருக்கும் வரும்" என்றார்.

எழுந்து போய்க் கழுவி வைத்திருந்த கோப்பைகளை எடுத்து மறுபடியும் கழுவினார்.

எனக்கு வருத்தமாக இருந்தது. குறையைத் தேடிப் போனவருக்குக் குறை கிடைத்தது, கையிலிருந்த ஒன்று போனது. இத்தனை மாதம் அவர் வேறு எவர் பெயரையும் தட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் முதல் ஞாயிறே தெரிந்திருக்கும். மின்பலகையில் ஒன்று கெட்டிருந்தால் பக்கத்திலிருப்பதையும் எடுத்துப் பார் என்று தொழிற்சாலையில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பவர், அண்ணன் விஷயத்தில் பக்கத்தில் பார்க்கவில்லை.

ஆனாலும் ஒன்று என்னை விடாமல் குடைந்தது, இன்னும் குடைகிறது. எல்லோரும் பழக்கத்தில் அமுக்கினார்கள், சரி. அண்ணன் அன்றைக்குக் கோபத்தில் இருந்தார். கோபத்தில் இருப்பவனுக்குப் பழக்கம் எல்லாம் நினைவிருக்குமா? கம்பியைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம். அதைச் செய்யாமல் 'போயிட்டு வர்றேன்' என்று எழுத்து எழுத்தாகத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். அது கை செய்ததா, மனது செய்ததா? பழக்கத்தில் சொன்ன சொல் பொய்யா? நம்மில் எத்தனை பேர் யோசித்துவிட்டு 'வர்றேன்' என்கிறோம்? யோசிக்காமல் சொன்னாலும் வருகிறோமே. இதை அக்காவிடம் சொன்னேன். "கத எழுதுறவன் புத்தி" என்றார். இந்த முறை நக்கல்தான், சந்தேகமில்லை.

8

பரிசோதிக்காமல் புகார் அனுப்ப அக்கா விடவில்லை. புதிதாக ஓர் அறை திறந்து, சில வாரம் எல்லோரும் அங்கே கூடி, கிளம்பும்போது குட்பைதான் அமுக்க வேண்டும் என்று ஏற்பாடு. யாருக்கும் கை வரவில்லை. தொழிற்சாலைச் சோதனை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று அக்கா கெஞ்சினார். காமாட்சி கடைசிவரை அமுக்கவில்லை. அதற்குப் பதிலாகச் சுவரிலிருந்து தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கிவிட்டார். எப்படியோ, புதிய அறையின் கதவு மெதுவாகவே இல்லை.

புகாரை எழுதி முடித்தேன். அனுப்பவில்லை.

"அனுப்பினா பழைய தொப்பி எல்லாத்தையும் எடுத்துருவாங்க, அக்கா. அண்ணனோடதும் போயிரும்."

"தெரியும்லா."

"அனுப்பாமலும் இருக்கலாம்."

"காமாட்சியால பழைய ரூமுக்கு உள்ளயே வர முடியல. எல்லாரும் ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. கெட்ட போர்டுன்னு தெரிஞ்சும் நான் அது மேல ஓக்கே சாப் குத்துனது இல்ல, தம்பி. அனுப்பு."

அனுப்பினேன். கம்பெனியிலிருந்து இந்த முறை வேறு பதில், வேறு ஆள். ஆச்சரியமாகக் கேட்டிருந்தார்: தூங்கப் போகிறவர் எதற்காக 'விரைவில் திரும்புவேன்' என்பதை அமுக்குகிறார்? அதற்கு ஒரு முழுப் பக்கம் எழுத வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் போவது என்ற ஒன்று கிடையாது, போய்விட்டு வருவதுதான் உண்டு என்று எழுதினேன். அவர் மரியாதையாகப் பதில் போட்டார். தாங்கள் சோதித்தபோதெல்லாம் எல்லோரும் குட்பைதான் அமுக்கினார்களாம். இப்படி ஒரு அறை நிறையத் தொப்பி சேரும் என்று யாரும் நினைக்கவில்லையாம். திருத்தம் தயார். வருகிற ஞாயிறு, மலேசிய நேரம் நண்பகல், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தொப்பிகள் அனைத்தும் நீக்கப்படும். அதன் பிறகு அந்தப் பெயர்களைத் தேடினால், இங்கே இல்லை என்று வரும். கண்டுபிடித்துச் சொன்னதற்கு நன்றி.

(இந்த இடம் வந்தபோது என் கதையும் மெதுவாகிவிட்டது. நாள் கணக்காக ஒரு வாக்கியம் நகரவில்லை. ஏன் என்று முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். நான்காம் பகுதியில் ஜபருல்லா பெரிய சில்லை எடுக்கப் போனவர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறார். ரோஹானாவின் பிள்ளைகள் பள்ளி வாசலில் நிற்கிறார்கள். பெர்த்தில் அண்ணி கதையில் நேரடியாக ஒரு வார்த்தை பேசாமல் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார். எல்லோருக்கும் இடம் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நானும் தமிழன்தானே.)

9

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில், ஞாயிறு நண்பகலுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அண்ணன் பொம்மை கதவைத் திறந்துகொண்டு வருகிறது. எழுதும்போது எனக்கே தொண்டை அடைத்தது. அதனாலேயே கிழித்துப்போட்டேன். என் தொண்டையை நம்பி நான் பல மோசமான கதைகள் எழுதியிருக்கிறேன்.

இரண்டாவதில், மணி பன்னிரண்டு அடிக்கிறது, அறை காலியாகிறது, கதவு பறக்கிறது, உள்ளே போக ஆளில்லை. இதுவும் வேண்டாம். சோகம் என்றால் உசத்தி என்று நினைக்கிற பத்திரிகை ஆசிரியர்கள் இதைத்தான் கேட்பார்கள் என்று தெரியும், ஆனால்

மூன்றாவது முடிவை நான் எழுதவில்லை. அது நடந்தது. நடந்தவரைக்கும் சொல்கிறேன்.

10

அந்த ஞாயிறு காலை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பழைய அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தார். இரண்டு தடவை கோப்பி கலக்கும் நேரம் ஆயிற்று. உள்ளே யாருமில்லை. அண்ணன் பெயரைத் தட்டினார். விநாசி விரைவில் திரும்புவார்.

"பொய்னு தெரியுது. இருந்தாலும் நாளைக்கு இது வராதுல்ல" என்றார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல், "ஒரு போன் பண்றேன். தொப்பிய எடுக்கப் போறாங்க, வேணும்னா வந்து பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வெச்சுர்றேன். அதுல என்ன இருக்கு" என்றார்.

அதில் ஒன்றும் இல்லை என்று நானும் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வருடமாகக் கூப்பிடாதவருக்குக் கூப்பிட ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது. அதைத் தயாரித்ததில் என் ஆங்கிலத்துக்கும் பங்குண்டு.

ஆனால் லைன் ஒன்றுதான். போன் செய்ய வேண்டுமென்றால் மூன்ஹார்பரை விட்டு வெளியே வர வேண்டும். அக்கா அம்புக்குறியைப் பொத்தான்களுக்கு நகர்த்தினார். இனிமேல் எல்லோரும் குட்பைதான் அமுக்க வேண்டும் என்று வாரக்கணக்காக ஊரையே கெஞ்சியவர். அம்புக்குறி குட்பை மேல் நின்றது. கொஞ்சநேரம் அங்கேயே நின்றது. பிறகு பக்கத்துக்குப் போனது.

தொப்பி விழுந்தது.

"பழக்கம்" என்றார் அக்கா.

"பழக்கம்தான்" என்றேன்.

கம்பியைக் கழற்றி டெலிபோனில் செருகினார். எண்ணை எங்கேயும் பார்க்காமல் அமுக்கினார். காதில் வைத்துக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரிசீவரை என் பக்கம் நீட்டினார். பெர்த்தில் எங்கேஜ்ட் சத்தம் விட்டு விட்டு வந்தது.

அண்ணி யாரோடாவது பேசிக்கொண்டிருக்கலாம். அண்ணன் இந்த நேரத்தில் இங்கேதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அவருக்கும் எங்கேஜ்ட்தான் கேட்கும். இல்லை, அவர் வீட்டு லைனும் கணினியில் இருக்கலாம். அவர் கதவை அமுக்கிவிட்டு அது திறக்கும்வரை நாற்காலியில் காத்திருக்கலாம், உள்ளே தங்கையின் தொப்பி தரையில் கிடக்க. இந்த மூன்றில் எது என்று நம்மால் எட்டிப் பார்க்க முடியாது. மூன்றுக்கும் சத்தம் ஒன்றுதான்.

அக்கா ரிசீவரைத் திரும்ப வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். இன்னொரு தடவை கேட்டார். அவருக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது என்று எனக்குப் பட்டது.

"வீட்டுலதான் இருக்காங்க" என்றார்.

கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

"உள்ள போய்ப் பார்க்கவா, தம்பி? இல்ல, இன்னொரு தடவ அடிக்கவா?"

கேள்வி என்னைப் பார்த்துத்தான். நான் ஒரு பதில் சொன்னேன், அக்கா ஒன்று செய்தார். அதை எழுதப் போவதில்லை. ஒன்றைச் செய்தால் இன்னொன்றைச் செய்ய முடியாத அந்த அறையில் நீங்கள் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ அதுதான் இந்தக் கதைக்கு முடிவு. ரிசீவர் அக்காவின் கையில் இருக்கிறது, கம்பி உங்கள் பக்கம்தான் கிடக்கிறது. ஜபருல்லா வந்தால் உள்ளே விடுங்கள்.

நான் போயிட்டு வர்றேன்.